கிளிப்பச்சை ஏன் பாசிப்பச்சை ஆச்சு: ஒரு வருஷ ஓவிய வேலையில கத்துக்கிட்டது

போன ஆடியில இருந்து இந்த ஆடி வரைக்கும் வந்த வேலை எல்லாத்தையும் ஒரு நீள நோட்டுல எழுதி வச்சிருக்கேன், நேத்து ராத்திரி உக்காந்து எண்ணிப் பார்த்தா மொத்தம் 14. ஒரு குழந்தைங்க படப்புத்தகம், மூணு நாவல் ரேப்பர் (மேலட்டைப் படம்), ஒரு கடலைமிட்டாய் பாக்கெட், ஒரு ஸ்கூல் காம்பவுண்ட் சுவர், ஒரு கம்பெனி காலண்டர், மிச்சம் ஏழும் கல்யாணப் பத்திரிகை. இது போக எனக்குன்னு நானே பண்ணிக்கிட்டு இருக்கற மண் ஓவியம் ஒண்ணு, அதுக்கு யாரும் காசு தரல, ஆனா மனசு முழுக்க அதுலதான் இருக்கு.

ஆடியில கணக்கு ஆரம்பிக்கறதுக்குக் காரணம் இருக்கு. சிவகாசியில அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்தை, அதாவது மாதிரிப் படங்க அடங்குன புத்தகத்தை, ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் பூஜை போட்டு வெளியிடுவாங்க, அதுல இருந்து ஆர்டர் ஓட ஆரம்பிக்கும், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில சென்னை புத்தகக் கண்காட்சிக்கு ரேப்பர் கேட்டு போன் மேல போன் வரும், தை பொறந்துட்டா கல்யாணப் பத்திரிகை, சித்திரையில ஸ்கூல் லீவு விட்டதும் சுவர் வேலை. விதைக்கறதுக்குப் பட்டம் இருக்கற மாதிரி எங்க வேலைக்கும் பட்டம் இருக்கு. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க ஆவணி புரட்டாசியில வேலை இல்லையேன்னு பயந்து கிடைச்ச ரேட்டுக்கு ஒத்துக்கறாங்க, அந்த ரெண்டு மாசத்தை சாம்பிள் வரைஞ்சு அனுப்பறதுக்கு வச்சுக்கிட்டா கார்த்திகையில அதுவே வேலையா திரும்பி வரும், எனக்கு வந்த மூணு ரேப்பர்ல ரெண்டு அப்படி வந்ததுதான்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. நாடகக் கம்பெனிக்கு சீன் வரைஞ்சுக்கிட்டு இருந்த கொண்டையராஜு (1898-1976) இங்கதான் தங்கி சாமி படம் வரைஞ்சாரு, அவரும் அவர் சிஷ்யர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகி காலண்டரா எங்கெங்கயோ போய் சுவர்ல தொங்குச்சு, பல வீட்ல அந்தக் காலண்டரையே கண்ணாடி ஃப்ரேம் போட்டு பூஜை ரூம்ல வச்சுக்கிட்டாங்க. எங்க வீட்ல இன்னொரு விதமா படம் வந்துச்சு. அம்மா வீட்லயே தீப்பெட்டி ஒட்டுவாங்க, லேபிள் கட்டுக்கட்டா வரும், மயில் சிங்கம் கப்பல்னு, நான் அதைப் பார்த்து சிலேட்டுல வரைஞ்சு பழகுனவ. அப்போல்லாம் எனக்குத் தெரியாது ஒரு கட்டைவிரல் அளவு லேபிள்ல மயிலுக்கு ஏன் மூணே கலர்தான் இருக்குன்னு. இந்த வருஷம்தான் அது முழுசா புரிஞ்சுச்சு, அதைத்தான் எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல்ல படப்புத்தகம். கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பத்தி குழந்தைங்களுக்கு ஒரு புத்தகம், 24 பக்கம், சென்னையில சின்ன பதிப்பகம் ஒண்ணு கேட்டாங்க. கோவில்பட்டியில இருந்து சங்கரன்கோவில் பஸ் ஏறுனா முக்கால் மணி நேரத்துல கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுல பாண்டியர் காலத்துல ஒரே பாறையை மேல இருந்து கீழ குடைஞ்சு பண்ணுன கோவில், அடிப்பக்கம் முடிக்காமலே விட்டுட்டாங்க. சாதாரணமா கட்டடம்னா அஸ்திவாரத்துல ஆரம்பிச்சு மேல போகும், இது உச்சியில ஆரம்பிச்சு கீழ இறங்குது, அதைக் குழந்தைக்குப் புரிய வைக்கறதுதான் என் வேலைன்னு எனக்குத் தோணுச்சு. ஆறு தடவை போனேன், விடிகாலையில போனா வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து சிற்பம் எல்லாம் எழுந்து நிக்கும், பத்து மணிக்கு மேல போனா எல்லாம் ஒரே தட்டையா தெரியும், போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல வரையலாம்னு நினைக்கறவங்க அந்த ரெண்டு நேரத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. தட்சிணாமூர்த்தி அங்க மிருதங்கம் வாசிக்கற மாதிரி உக்காந்திருப்பாரு, அந்த விரல் மடிப்பை வரையறதுக்கே எனக்கு ஒரு காலைப்பொழுது முழுசா போச்சு.

மேல இருந்து கீழங்கறதைக் காட்ட, புத்தகத்தை குறுக்கா திருப்பி, பக்கம் மேல கீழ புரளற மாதிரி பண்ணலாமான்னு பதிப்பகத்துல கேட்டேன். உடனே சரின்னாங்க. ஒவ்வொரு தடவை பக்கம் புரட்டும்போதும் பாறை கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கும், கடைசிப் பக்கத்துல பாதி செதுக்குன கல்லோட நிக்கும். இதுக்கு வெள்ளைத் தாளை மடிச்சு பின் அடிச்சு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி டம்மி புக் பண்ணி பார்த்தேன், அப்புறம் நிஜ அளவுல ஒண்ணு. சென்டர் பின் அடிக்கற புத்தகம்னா பக்கம் நாலு நாலா தான் கூடும், 24க்கு அப்புறம் 28 தான், நடுவுல 26னு ஒண்ணு கிடையாது. எழுத்தாளர் அனுப்புன கதையில 26 காட்சி இருந்துச்சு. டம்மி பண்ணாம நேரா வரைய ஆரம்பிச்சிருந்தா ரெண்டு படம் வீணா போயிருக்கும், டம்மியைக் கையில குடுத்துப் புரட்டச் சொன்னதும் அவங்களே ரெண்டு காட்சியை எடுத்துட்டாங்க. தாள்ல நாலு மடிப்பு, அவ்வளவுதான் செலவு.

வரைஞ்சு முடிக்க மூணு மாசம் ஆச்சு. அதுல ஒரு பக்கம் பாறைக்கு மேல கிளிக்கூட்டம் பறக்கும், ஐபேட்ல அந்தப் பச்சை அப்படி ஜொலிச்சுச்சு, எனக்கே பிடிச்ச பக்கம் அதுதான். அச்சு சிவகாசியிலங்கறதால மெஷின் ஓடற அன்னைக்கு நான் வந்து நிக்கறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். முதல் ஷீட் எடுத்து மேசை மேல போட்டாங்க, என் கிளி எல்லாம் குளத்துப் பாசி கலர்ல இருந்துச்சு. அந்த நிமிஷம் எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, பேச்சே வரல.

மெஷின்மேன் அண்ணாச்சி முப்பது வருஷமா அதே வேலை பாக்கறவரு. லென்ஸை எடுத்து ஷீட்டு மேல வச்சு என்னைப் பாக்கச் சொன்னாரு, புள்ளி புள்ளியா நீலம் மஞ்சள் நடுவுல கொஞ்சம் சிவப்பு. "ஏம்மா, உன் பெட்டியில வெளிச்சம் இருக்கு, எங்கிட்ட நாலு மைதான் இருக்கு. வெளிச்சத்தை வரைஞ்சு கொண்டாந்து மையில கேட்டா நான் எங்க போவேன்"னாரு. கோவமா சொல்லல, சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி சொன்னாரு. அப்புறம் அவரே விளக்குனாரு: பச்சை சுத்தமா வேணும்னா நீலமும் மஞ்சளும் மட்டும் இருக்கணும், அதுல மெஜந்தா, அதான் அந்தச் சிவப்பு மை, கொஞ்சம் கலந்தாலும் பச்சை செத்துப் போகும், கருப்பு கலந்தா இன்னும் மோசம். நான் ஆர்ஜிபியில, அதாவது ஸ்க்ரீன் வெளிச்சக் கலர்ல வரைஞ்சு, கடைசியில பட்டனை அமுக்கி சிஎம்ஒய்கேயா, அதாவது அச்சு மெஷினோட நாலு மைக் கலரா மாத்திக் குடுத்திருந்தேன், அது கன்வர்ட் ஆகும்போது என் பச்சைக்குள்ள மெஜந்தாவையும் கருப்பையும் அதுவா கலந்துவிட்டுருச்சு. அந்த ஒரு ஃபாரத்தை (ஒரே ஷீட்டுல சேர்ந்து அச்சாகற பக்கங்களை) நிறுத்தி வச்சிட்டு வேற ஃபாரத்தை ஓட்டுனாங்க, நான் அங்கயே லேப்டாப்ல உக்காந்து கிளிப் பக்கத்துல மெஜந்தா கருப்பு ரெண்டையும் துடைச்சு எடுத்துக் குடுத்தேன், புது பிளேட் போட்டாங்க, பிளேட் செலவை நான்தான் குடுத்தேன். ஐபேட்ல பார்த்த ஜொலிப்பு வரல, ஆனா அது கிளின்னு இப்போ பார்த்ததும் தெரியும்.

அதுக்கப்புறம் வேலை பண்ற முறையையே மாத்திட்டேன். அச்சுக்குப் போற படம்னா ஆரம்பத்துலயே சிஎம்ஒய்கே கேன்வாஸ் தான், ப்ரோக்ரியேட்ங்கற ஐபேட் ஆப்ல புது கேன்வாஸ் திறக்கும்போதே அது இருக்கு, காசு இல்லாதவங்களுக்கு க்ரிட்டா இருக்கு, அது இலவசம், அதுலயும் சிஎம்ஒய்கேல வேலை பாக்கலாம். அச்சு அளவுலயே 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), நாலு பக்கமும் 3 எம்எம் வெட்டுக்கு விடணும், முகம் எழுத்து எதையும் ஓரத்துக்குக் கொண்டு போகக் கூடாது. எழுத்துக்கு கருப்பு மட்டும், நாலு மையும் கலந்த கருப்பை சின்ன எழுத்துக்குப் போட்டா பிளேட் ஒரு முடி நகந்தாலும் எழுத்து ரெண்டு ரெண்டா தெரியும். இதெல்லாம் நெட்ல தேடினாலும் கிடைக்கும். ஆனா பேப்பர் எதுன்னு கேக்கறதை யாரும் சொல்லித் தரல எனக்கு. வழவழன்னு இருக்கற ஆர்ட் பேப்பர்னா மை மேலயே நிக்கும், பூச்சு இல்லாத சாதாத் தாள் மேப்லித்தோன்னா மையைக் குடிச்சிரும், புள்ளி எல்லாம் ஊறி விரியும், நீங்க லேசா போட்ட நிழல் கூட கருத்துப் போகும். மேப்லித்தோவுக்கு வரையும்போது இருட்டான இடத்தை ஒரு படி வெளுப்பாவே விட்டுருவேன் இப்போ, ஸ்க்ரீன்ல பாக்க கொஞ்சம் சோகையா இருக்கும், தாள்ல சரியா உக்காரும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு, தோல் நிறம். எங்க கரிசக்காட்டு ஆளுங்க கருப்பு, கழுகுமலை புத்தகத்துக் கதையில வர்ற சிற்பி அப்பனையும் மகனையும் நான் கருப்பாத்தான் வரைஞ்சேன். கருத்த தோலை கருப்பு மை போட்டு இருட்டாக்குனா முகம் கரி பூசுன மாதிரி ஆயிரும், உயிர் போயிரும். மஞ்சளும் மெஜந்தாவும் அடியில நல்லா போட்டு, நிழலுக்கு நீலத்தை ஏத்துனா தோல் வெயில்ல மினுங்கற மாதிரி வரும், கருப்பு மை கண்ணுக்கும் முடிக்கும் மட்டும் போதும். அந்த ஏழு பத்திரிகையில மூணு வீட்ல பொண்ணு படத்தைக் கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணுங்க போட்டோவைப் பார்த்தா அவ்வளவு அழகா இருக்காங்க. நான் மாத்தலங்க, அதுக்குப் பதிலா அதே நிறத்துக்கு அரக்குப் பட்டும் மஞ்சள் பின்னணியும் போட்டு திரும்பக் காட்டினேன், ரெண்டு வீட்ல ஒத்துக்கிட்டாங்க, ஒரு வீட்ல வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அந்த ஒண்ணு போனதுல எனக்கு வருத்தம் இல்ல.

கடலைமிட்டாய் பாக்கெட்டுக்கு வருவோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து இங்க சின்னச் சின்ன கம்பெனிக்காரங்க கூட பாக்கெட்டை நல்லா பண்ணணும்னு நினைக்கறாங்க. எனக்கு வேலை குடுத்த அண்ணாச்சி குடும்பமா சேர்ந்து நடத்தறவரு. நான் ஆசை ஆசையா வாட்டர்கலர்ல கடலைச்செடி, வெல்லப்பாகு கொதிக்கற அண்டா, மேல தூவற கலர் தேங்காய்ப்பூ எல்லாம் வரைஞ்சு கொண்டு போனேன், அவருக்கும் கண்ணு விரிஞ்சு போச்சு. பாக்கெட் அடிக்கறவங்ககிட்ட காமிச்சா, இதை அப்படியே கொண்டு வரணும்னா எத்தனை கலரோ அத்தனை சிலிண்டர் பண்ணணும்னாங்க. பிளாஸ்டிக் ரோல்ல அச்சடிக்கறது வேற முறை, ஒவ்வொரு கலருக்கும் ஒரு செம்பு சிலிண்டர்ல படத்தைக் குழி குழியா செதுக்கணும், அந்த செலவை லட்சக்கணக்குல பாக்கெட் அடிக்கற பெரிய கம்பெனி தாங்கும், மாசம் கொஞ்சம் மூட்டை போடறவரு எப்படித் தாங்குவாரு. அது மட்டுமில்ல, கண்ணாடி மாதிரி இருக்கற ஷீட்டுல வெள்ளையே ஒரு கலர்தான், அடியில வெள்ளை போடலைன்னா உள்ள இருக்கற மிட்டாயோட பழுப்பு எல்லா கலருக்கும் ஊடால தெரியும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவோட பழைய டப்பாவுல இருந்த தீப்பெட்டி லேபிளை எடுத்துப் பார்த்தேன். மூணு கலர். மயில் கழுத்துல நீலமும் மஞ்சளும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பச்சையா நிக்குது, அதுக்குன்னு தனி மை இல்ல. வெள்ளைக்கு தாளையே விட்டுருக்காங்க. கலரைக் குறைச்சு படத்தை நிறுத்தறதுங்கற வித்தையை எங்க ஊர்ல எப்பவோ கரைச்சுக் குடிச்சிருக்காங்க, நான் தான் அதைப் பார்க்காம விட்டுட்டேன். வாட்டர்கலரை ஓரம் வச்சிட்டு சிவப்பு, மஞ்சள், அடர் பழுப்பு, வெள்ளைன்னு நாலுல மொத்தத்தையும் தட்டையா வரைஞ்சேன், ஒரு பக்கம் வெள்ளை போடாம ஜன்னல் மாதிரி விட்டு மிட்டாயோட நிஜ கலரே படத்துல அண்டாவுக்குள்ள பாகா தெரியற மாதிரி பண்ணேன். முதல் வரைபடத்தை விட இதுதான் நல்லா இருக்குன்னு நான் மனசாரச் சொல்லுவேன். உணவுப் பொருள் பாக்கெட் பண்றவங்களுக்கு ஒண்ணு, படம் யோசிக்கறதுக்கு முன்னாடி எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர், பச்சைக் கட்டத்துக்குள்ள பச்சைப் புள்ளி, எடை, விலை, தேதி, சத்து விவர அட்டவணை இது எல்லாத்துக்கும் இடம் ஒதுக்கிட்டு மிச்ச இடத்துல படத்தைப் போடுங்க. கடைசியில செருகினா நீங்க பாடுபட்டு வரைஞ்ச செடி மேலதான் அட்டவணை வந்து உக்காரும்.

ரேப்பர் மூணும் மார்கழிக்கு முந்தி ஒரே வாரத்துல வந்துச்சு. ஒண்ணுல மட்டும் சிக்கல். 320 பக்கம்னு சொல்லி முதுகு அளவு குடுத்தாங்க, நான் முன்பக்கம் முதுகு பின்பக்கம் மூணையும் ஒரே ஓவியமா ஓட்டிட்டேன், ஒரு கண்மாய்க் கரை நீளமா போகும். கடைசி நேரத்துல பின்னுரை சேர்த்து 352 பக்கம் ஆயிருச்சு. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ ஒரு தாள் தோராயமா 0.1 எம்எம், 32 பக்கம்னா 16 தாள், ஒன்றரை எம்எம்க்கு மேல முதுகு கூடும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா தலைப்பு முதுகு நடுவுல நிக்காம ஓரத்துக்கு ஒதுங்கிரும். நல்லவேளை பனைமரத்தை எல்லாம் தனி லேயர்ல வச்சிருந்தேன், கண்மாய்த் தண்ணியை மட்டும் இழுத்து விட்டு ராத்திரியே அனுப்பிட்டேன். பக்கம் முடிவாகாத புத்தகத்துக்கு முதுகை ஒட்டி எந்த உருவத்தையும் வைக்கறதில்ல இப்போ, வானம் தண்ணி மண்ணு இந்த மாதிரி இழுத்தா தாங்கறது மட்டும்தான்.

அதுல இன்னொரு ரேப்பருக்கு கேட்டவங்க, கம்ப்யூட்டரே போட்டுக் குடுக்கற படம் ஒண்ணை அனுப்பி இதே மாதிரி வேணும்னாங்க. கரிசல் கிராமம்னு சொல்லி வாங்கியிருக்காங்க, அதுல தென்னந்தோப்பு இருக்கு, ஓட்டு வீடு எல்லாம் மலையாளக்கரை வீடு மாதிரி சாஞ்சிருக்கு, வயக்காட்டுல கம்புன்னு நிக்கறது கோதுமை. கம்பங்கதிரு நெட்டுக்குத்தா சுருட்டு மாதிரி நிக்கும், இது முடி முடியா வளைஞ்சு கிடக்கு. நான் அவங்களைக் குறை சொல்லல, அவங்க சென்னையில பொறந்து வளந்தவங்க. பைக் எடுத்துட்டு போய் ஒரு காட்டுல நின்னு கம்பு, உளுந்து, வரப்புல நிக்கற உடை மரம் எல்லாத்தையும் பென்சில்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பினேன், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்ததும் அவங்களுக்கே வித்தியாசம் தெரிஞ்சுச்சு, என் ஸ்கெட்ச்சையே ரேப்பரா போடலாம்னாங்க. இந்த மெஷின் படம் வந்ததுல இருந்து எனக்குப் பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு கல்யாணப் பத்திரிகை வேலை அப்படித்தான் போச்சு. ஆனா இந்த மண்ணுல எது எப்படி நிக்கும்னு கால் வச்சுப் பார்த்து வரையறதுக்கு இன்னும் ஆள் வேணும்.

ஸ்கூல் சுவரைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 60 அடி நீளம், பழைய சுண்ணாம்பு மேல சுண்ணாம்பா பட்டை பட்டையா இருந்துச்சு, அது மேல பெயிண்ட் அடிச்சா ஒரே மழையில உரிஞ்சிரும், சுரண்டறதுக்கே மூணு நாள். அப்புறம் பிரைமர், அப்புறம்தான் வெளிச்சுவர் எமல்ஷன். கீழ ரெண்டு அடி உப்பு பூத்து பொரிஞ்சிருந்துச்சு, அங்க படம் நிக்காது, அதனால ஊர் வீடுகள்ல அடிச்சுவர்ல பட்டை அடிக்கற மாதிரி அடர் செங்காவியில ஒரு பட்டை மட்டும் விட்டேன், மழைச் சேறு தெறிச்சாலும் தெரியாது, வருஷா வருஷம் ஸ்கூல்லயே அடிச்சுக்கலாம். சித்திரை வெயில்ல பதினோரு மணிக்கு மேல பிரஷ்லயே பெயிண்ட் காஞ்சுரும், காலையில ஆறுக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிச்சிரணும். கட்டம் போட்டுப் பெருக்கறதை அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தேன், அதுல ஒரு பொண்ணு போட்ட குருவி என் குருவியை விட நல்லா இருக்கு, அந்தச் சுவர்ல இப்பவும் இருக்கு.

இனி காசு விஷயம், இது எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குது. காலண்டர் வேலை குடுத்த கம்பெனி 12 படத்துக்கு பாதி அட்வான்ஸ் குடுத்தாங்க, படம் வாங்கிக்கிட்டாங்க, காலண்டரும் அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டாங்க, மிச்சக் காசு ஆறு மாசமா வரல. போன் எடுத்தா அக்கவுண்ட்ஸ்ல இருக்கு, மேனேஜர் ஊர்ல இல்ல. அப்புறம் ஒரு நாள் அதே படம் துணிப்பையில அச்சாகி கடையில தொங்குது. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் அக்கா ஒருத்தங்க உக்காத்தி வச்சு சொன்னாங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல, காசு குடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு வேற ஒப்பந்தம் ஏதும் இல்லைன்னா வரையச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். எத்தனை வருஷமா வரைஞ்சாலும் எழுத்துல எதுவும் இல்லைன்னா நம்ம பக்கம் பேச்சே கிடையாது. உரிமையை நாம எழுதிக் குடுக்கற ஒப்பந்தத்துல எத்தனை வருஷம்னு போடலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க, எந்த இடம்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ளன்னு எடுத்துக்குவாங்க. நான் காலண்டர் வேலைக்கு வாட்ஸ்அப்ல "சரிங்க சார்" மட்டும் போட்டிருந்தேன். துணிப்பை விஷயத்துல ஒண்ணும் பண்ண முடியல.

மிச்சக் காசுக்கு மட்டும் வழி இருந்துச்சு. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் நடத்தறவங்களுக்கான பதிவு, அரசாங்க தளத்துல ஆதாரும் பான் கார்டும் வச்சு நாமளே பண்ணிக்கலாம், ஒரு ரூபா செலவில்ல, தனியா வரையறவங்களும் குறு நிறுவனமா பதியலாம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி அப்படிப் பதிஞ்சவங்களுக்கு 45 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும், எழுத்துல தவணை பேசலைன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. அது போக 2024 ஏப்ரல்ல இருந்து, தவணை தாண்டி வச்சிருக்கற பாக்கியை கம்பெனிக்காரங்க அந்த வருஷக் கணக்குல செலவா காட்ட முடியாது, காசு குடுத்த வருஷத்துலதான் காட்டலாம். நான் நடுவுலயே, வேற வேலைக்காக, உத்யம் எடுத்திருந்தேன், காலண்டர் பில்லுக்கு முன்னாடியே நம்பர் வந்திருந்துச்சு. வக்கீல் அக்கா சொன்ன மாதிரி பில்லை உத்யம் நம்பரோட திரும்ப அனுப்பி, கீழ இந்த ரெண்டு விஷயத்தையும் மரியாதையா ரெண்டு வரி எழுதினேன். சண்டை போடல. மார்ச் கடைசி வாரம் அக்கவுண்ட்ல காசு விழுந்துச்சு, வட்டி நான் கேக்கல. பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்குன்னு முன்கூட்டியே பிடிச்சிருந்தாங்க, அது 26ஏஎஸ்ல (நம்ம பேர்ல கட்டுன வரியைக் காட்டற அறிக்கையில) வந்திருக்கான்னு பார்த்துட்டேன், பிடிச்சதை நம்ம பான் நம்பர்ல கட்டலைன்னா ரிட்டர்ன் போடும்போது அந்தக் காசை நாம கேக்கறது சிக்கல்.

இப்போ எல்லா வேலைக்கும் ஒரே ஒரு பக்கத் தாள் அனுப்பறேன், தமிழ்லதான். படம் எதுக்கு, எத்தனை வருஷம், எந்தெந்தப் பொருள்ல, வேற பொருளுக்குப் போட்டா தனிக் காசு, பதிப்புரிமை என்கிட்ட, பாதி அட்வான்ஸ், பென்சில் கட்டத்துல ரெண்டு தடவை திருத்தம் சும்மா, கலர் போட்டப்புறம் மாத்துனா ஒவ்வொண்ணுக்கும் காசு, என் பேரு எங்க வரும். ரெண்டு பக்கமும் கையெழுத்து. முதல்ல அனுப்ப ரொம்பக் கூச்சமா இருந்துச்சு, தெரிஞ்சவங்ககிட்ட போய் தாள் நீட்டறதான்னு. கடலைமிட்டாய் அண்ணாச்சி வாசிச்சுப் பார்த்துட்டு, "இது நல்லாருக்கும்மா, நானும் சரக்கு எடுக்கறவங்களுக்கு இப்படி ஒண்ணு போடணும்"னு சொல்லி கையெழுத்து போட்டாரு, அதுக்கப்புறம் கூச்சம் விட்டுப் போச்சு.

மண் ஓவியம் பத்தி சொல்லாம முடிக்க மனசு வரல. கரிசல் மண்ணையும் திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு செம்மண்ணையும் வச்சு கலர் பண்ணி இந்தக் காட்டுச் செடியை எல்லாம் வரையறேன், ஆவாரம், எருக்கு, துத்தி, குப்பைமேனி, பருத்தின்னு இதுவரைக்கும் 31 ஆயிருக்கு. தேரி மண்ணு பார்க்க சிவப்பா இருக்கே தவிர அரைச்சா பளபளன்னு மணல்தான், சிவப்பு மேல பூசுன மாதிரிதான் இருக்கு. வாளித் தண்ணியில போட்டுக் கலக்கி, மணல் அடியில தங்குனதும் மேல மிதக்கற செந்தண்ணியை வேற பாத்திரத்துல ஊத்தி, ரெண்டு நாள் படிய விட்டு, காய வச்சா மாவு மாதிரி சிவப்பு கிடைக்கும், ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி. அதுல கருவேலம்பிசினை ஊற வச்சு வடிகட்டி கலந்து, கொஞ்சம் தேன், பூஞ்சை பிடிக்காம ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்.

கரிசல்தான் என்னை ரொம்ப நாள் அலைய விட்டுச்சு. தண்ணியைக் குடிச்சு உப்பி காயும்போது சுருங்கற மண்ணு அது, காட்டுல கோடையில பாளம் பாளமா வெடிக்குமே, அதே மாதிரி தாள்லயும் வெடிச்சுச்சு. கெட்டியா பூசுன எல்லா இலையும் ஒரு வாரத்துல உதிர்ந்துருச்சு, எட்டு படம் போச்சு. அப்புறம் தண்ணியா கரைச்சு, ஒரு பூச்சு காஞ்சப்புறம் அடுத்த பூச்சுன்னு ஆறு ஏழு தடவை போட்டா நிக்குது, 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர்ல. கருப்பும் இல்லாம சாம்பலும் இல்லாம, மழை பேஞ்சு ரெண்டாம் நாள் காட்டு கலர். ஆனா வெடிச்ச படம் ஒண்ணை மட்டும் தூக்கிப் போடல. பருத்திச் செடிக்குக் கீழ தரையா பூசுனது, அந்த வெடிப்பு அப்படியே எங்க காடு மாதிரி இருக்கு, இப்போ தரைக்கு மட்டும் வேணும்னே கெட்டியா பூசி வெடிக்க விட்டு, பின்னாடி பிசின் தண்ணியைத் தெளிச்சு இறுக்கறேன்.

இது புத்தகமா வரணும்னு ஆசை. போன வாரம் சிவகாசி போயிருந்தப்போ அந்தப் பருத்திப் படத்தை மெஷின்மேன் அண்ணாச்சிகிட்ட காமிச்சேன். ரொம்ப நேரம் பார்த்தாரு, விரலால ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாரு, இது நாலு மையில வராதேம்மான்னு சொல்லிட்டு, கருப்பை மட்டும் ரெண்டு தடவை ஓட்டி ரெண்டாவதுல லேசா பழுப்பு கலந்து பார்க்கலாம்னாரு. ஆல்பம் வேலை முடிஞ்சதும் யாரோட ஷீட்டுலயாவது ஓரத்துல ரெண்டு இன்ச் காலி வரும், முதலாளிகிட்ட அவரே கேட்டு வச்சுக்கறாராம். ரெண்டு இன்ச்சுல எந்த இலையைப் போடறதுன்னு இப்போ அளந்துக்கிட்டு இருக்கேன்.